வெள்ளிக் கூஜாவும் ஒரு மணி நேரமும்

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஐம்பத்தைந்து வயது வரையில் அது தெரியாமலே குடும்பம் நடத்தியாகிவிட்டது. அதனால் சாம்பாரில் உப்புக் குறைந்துவிடவில்லை.

2025-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை. நன்னிலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அப்பா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "திருச்சியிலேருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு மணி நேரமாமே!" என்றார்.

"யார் சொன்னது?" என்றேன், அடுக்களையிலிருந்தே.

"பேப்பர்லே போட்டிருக்கான். மார்ச் 30-ஆம் தேதியிலேருந்து இண்டிகோக்காரன் விமானம் விட்டிருக்கானாம்."

அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்தப் பத்திரிகை பழைய பேப்பர்க் கட்டுக்குப் போகவில்லை. நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கூஜா எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குச் சொரேல் என்றது. நாற்பத்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுடையது நாகஸ்வரக் குடும்பம். தாத்தா வாசித்தார். அப்பா வாசித்தார். இப்போது எண்பத்து மூன்று வயதில் பல் போனபின் வாசிப்பதில்லை. ஆனால் ரேடியோவில் யாராவது வாசித்தால் தொடையில் தாளம் மட்டும் தவறாது. தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து நாகஸ்வர, தவில் வித்வான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குக் கப்பலேறிப் போவதும், அங்கிருப்பவர்கள் இங்கே வந்து வாசிப்பதும் ஒரு காலத்தில் பக்கத்து ஊருக்குப் போய் வருவது போல. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933-1975) என்ற தவில் மேதையின் பேரை இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் சும்மா சொல்லமாட்டார்கள்; காதைத் தொட்டுக்கொண்டுதான் சொல்வார்கள். போய் வந்த வழியில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. அப்படித்தான் 1958-இல் என் அத்தையை, அதாவது அப்பாவின் ஒரே அக்காவை, இணுவிலில் ஒரு தவில்காரர் வீட்டில் கொடுத்தார்கள். அத்தைக்கு அப்போது வயது இருபது. அப்பாவுக்குப் பதினாறு.

அத்தை போன பிரயாணத்தைச் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நடுராத்திரியில் மாயவரம் ஸ்டேஷனில் போட் மெயில் ஏறினாளாம். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றி ராமேசுவரம் தீவுக்குள் நுழைந்து தனுஷ்கோடியில் இறங்கினால் கப்பல் நிற்கும். கப்பல் தலைமன்னாரில் விடும். அங்கே ராத்திரி ரயில். மதவாச்சியில் மாறி வடக்கே போனால் மூன்றாம் நாள்தான் யாழ்ப்பாணம். கட்டுச் சாதம் ஊசிப்போய்க் கடலில் எறிந்ததை அத்தை விஸ்தாரமாகச் சொல்வாள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதன் பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் விட்டார்கள்.

1982-இல் பாட்டி காலமானாள். தந்தி கிடைத்து அத்தை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து பத்தாம் நாள் ஆகிவிட்டது. அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்று அத்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து, அத்தை புறப்படுவதற்கு முதல் நாள், "அந்த வெள்ளிக் கூஜாவை அம்மா எனக்குன்னு சொல்லியிருந்தா" என்றாள். சொன்னதென்னவோ நிஜம், பாட்டி எங்கள் எல்லோர் எதிரிலும்தான் சொல்லியிருந்தாள்.

என் அம்மா, பாவம், அவளும் இப்போது இல்லை, பத்து நாள் ஓயாத வேலை, அடுப்படிப் புகை, தலைவலி. வாய் தவறி வார்த்தை வந்துவிட்டது. "ஓகோ, கூஜாவுக்காகத்தான் கடல் தாண்டி வந்தீங்களாக்கும்!"

அத்தை மறுநாள் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் புறப்பட்டுவிட்டாள். அப்பா அப்போது திண்ணையில் உட்கார்ந்து சீவாளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலையை நிமிரவில்லை. "அக்கா, இரு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், நிலைப்படியில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வருஷம், 1983 ஜூலையில், இலங்கையில் கலவரம். பிறகு யுத்தம். கப்பலும் நின்றுபோயிற்று. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. 2009-இல் யுத்தம் முடிந்த பிறகு டெலிபோன் வசதியாயிற்று. அக்காளும் தம்பியும் மாதம் ஒரு தடவை பேசுவார்கள். "சௌக்கியமா?" "சௌக்கியம்." "அங்கே மழை உண்டா?" "உண்டு." அவ்வளவுதான். நாங்கள் மழை நிலவரம் தெரிந்துகொள்ளக் காசு செலவு செய்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, அப்பா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. அங்கிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர். 2014 அக்டோபரில் ரயிலும் மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்துவிட்டது. "அவ்வளவு தூரம் யாரால் முடியும்?" என்றார். 2019-இல் பலாலி விமான நிலையத்தைச் சர்வதேச நிலையமாக்கிச் சென்னையிலிருந்து விமானம் விட்டார்கள். "சென்னைக்குப் போய் ஏறணுமா? நன்னாயிருக்கு!" என்றார். 2020-இல் கொரோனா வந்து அந்த விமானம் நின்றது. அப்பா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததா இல்லையா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். 2022 டிசம்பரில் மறுபடி விட்டார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் சுமார் நாற்பது கிலோமீட்டர். கடலில் நாலு மணி நேரம். இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்?

"கப்பலா? 1974-லே தலைமன்னார்க் கப்பல்லே குடல் வெளியே வந்துடுத்து. இனிமே ஜென்மத்துக்கும் கப்பல் கிடையாது" என்று தீர்த்துவிட்டார்.

இப்போது திருச்சி. ஒரு மணி நேரம். அப்பாவிடம் காரணங்கள் தீர்ந்து போய்விட்டன. அது மட்டும் என்று சொல்ல முடியாது. சித்திரை மாதம் இணுவிலிலிருந்து அத்தான் போன் செய்தார். அத்தை முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டாள். "மாமாவை ஒருக்காப் பாக்க வேணும் எண்டு அம்மா கேக்கிறா" என்றார். போனை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா காதில் வைத்துக்கொண்டு "சரி, சரி" என்று நாலு தடவை சொன்னார். மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

உடனே புறப்பட முடியுமா? அப்பாவின் பழைய பாஸ்போர்ட் காலாவதியாகி எத்தனையோ காலம். எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. போட்டோ, கைரேகை, போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து, இலங்கைக்குள் நுழைய இணையத்தில் அனுமதியும் வாங்க ஆனி மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்தப் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்த இடைவேளையில் என் பெண் செல்போனில் பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டாள். சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து பலாலிக்குக் காக்கை பறக்கிற வழியில் சுமார் 185 கிலோமீட்டர். நன்னிலத்திலிருந்து பலாலிக்கு நேராகக் கோடு கிழித்தால் 130 கிலோமீட்டர்தான்! நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? தென்கிழக்கே இருக்கிற யாழ்ப்பாணத்துக்குப் போக மேற்கே 120, 130 கிலோமீட்டர் காரில் போய், அங்கிருந்து விமானத்தில் ஏறித் திரும்பக் கிழக்கே வரப் போகிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு வந்தது. அந்த மார்க்கத்தில் போவது ஏ.டி.ஆர். என்கிற சிறிய விமானம்; இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும். அது மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். அப்படியானால் 185 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு நிமிஷம் போதாதா? ஒரு மணி நேரம் ஏன்? விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. விமானத்துக்குப் பிரயாண நேரம் என்பது ஆகாயத்தில் பறக்கிற நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், அந்த ஊரில் போய் நிற்கிற வரையில் கணக்கு. ஓடுபாதை முனை வரை ஊர்ந்து போக வேண்டும். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது; இறங்கும்போதும் கிடையாது. கிட்டத்து ஊரென்றால் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். நம் வீட்டில் தோசை வார்க்கிற கதைதான்: தோசை வேகிறது இரண்டு நிமிஷம், கல் காய்கிற நேரத்தை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? இவர்கள் சேர்த்துவிடுகிறார்கள். நியாயம்தானே!

புறப்படுகிற நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காப்பி போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். கூஜாவை முதல் நாளே புளி போட்டுத் தேய்த்து, துண்டில் சுற்றி, அப்பாவின் கைப்பையில் வைத்தாயிற்று. பெட்டியில் வைக்கலாம் என்றதற்கு அப்பா சம்மதிக்கவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். நாச்சியார்கோயில், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர். தஞ்சாவூரைத் தாண்டும்போது கார் டிரைவர், "இங்கேயே ஏரோட்ரோம் இருக்கு, என்ன பிரயோஜனம்?" என்று அலுத்துக்கொண்டார். உண்மைதான். இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே அங்கே விமானத்தளம் உண்டு. 2013-இல் அது விமானப்படைத் தளமாயிற்று. 2020 ஜனவரியில் சுகோய் யுத்த விமானங்கள் வந்து சேர்ந்தன. அவை வெள்ளிக் கூஜாவையும் முழங்கால் வலிக்காரரையும் ஏற்றிக்கொள்வதாக இல்லை. நாங்கள் திருச்சிக்குத்தான் போக வேண்டும்.

திருச்சி விமான நிலையத்தின் புதுக் கட்டடம் 2024-இல் திறந்தது. கோயில் கோபுரத்து வர்ணங்களும் சித்திரங்களுமாக, உள்ளே போனதும் தேர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். அப்பாவுக்கு ஒரு தள்ளு நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்ததும் சுவாமி புறப்பாடு மாதிரி கம்பீரமாக ஆகிவிட்டார். சோதனை இயந்திரத்துக்குள் கைப்பை போயிற்று, நின்றுவிட்டது. அங்கே இருந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. உருண்டையாக, கழுத்து குறுகி, உலோகத்தில் என்னவோ இருக்கிறது என்று திரையில் தெரிகிறது. அவர் முகம் மாறிவிட்டது. துண்டைப் பிரித்துக் காட்டினோம்.

"திஸ், மை மதர்ஸ். கிவ், மை சிஸ்டர்" என்றார் அப்பா.

அந்தப் பிள்ளை கூஜாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு தாமே துண்டில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்தார். எந்த ஊர்ப் பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும்.

அந்த விமானத்தில் பின்பக்கத்து வாசல் வழியாகத்தான் ஏறவேண்டும். "கொல்லைப்புறமாவா?" என்று அப்பா முணுமுணுத்தார். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலில் கீழே நன்றாகத் தெரிகிறது. இடது பக்கம் உட்கார்ந்தது அதிர்ஷ்டம். வயல்கள், தென்னந்தோப்புகள், அதிராம்பட்டினம் பக்கம் உப்பளம்; அப்புறம் கரை முடிந்துவிட்டது. தூரத்தில் இடது கைப்பக்கமாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கோடிக்கரை! 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி வந்தியத்தேவனைப் படகிலேற்றி இலங்கைக்குப் புறப்படுகிற கோடிக்கரை. அப்பாவிடம் காட்டினேன். அப்பா பார்க்கவில்லை. மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதடு அசைய எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்தோத்திரமாக்கும் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால், "அக்கா, அன்னிக்கு நான்... அக்கா, அன்னிக்கு நான்..." என்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடலைப் பார்த்துக் கண்ணை எடுப்பதற்குள் பனைமரங்கள் தெரிந்துவிட்டன. கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வேலைகூட இல்லை. 1996-இலிருந்து 2006 ஏப்ரல் வரையில் இலங்கைக் கடிகாரம் நம்முடையதற்கு முந்தி ஓடிற்று. இப்போது இரண்டும் ஒன்றே. பலாலியில் இறங்கி, முத்திரை குத்தி வாங்கி வெளியே வந்தால் அத்தான் நிற்கிறார். தலை முழுக்க நரை. "வாங்கோ மாமா, வாங்கோ மச்சாள். களைச்சுப் போனியளோ?" என்றார். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் இறங்கிப் போனது இந்தப் பலாலியில்தான் என்று காரில் வரும்போது சொன்னார். அன்றைக்கே விமானம் இருந்தது. 1958-இல் அத்தை கட்டுச் சாதத்துடன் மூன்று நாள் போனாள். டிக்கெட் வாங்க யாரிடம் பணம் இருந்தது?

வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்றே முக்கால். நன்னிலத்தை விட்டு ஒன்பதே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அத்தை கட்டிலில் இருந்தாள். என் நினைவில் இருந்த அத்தையில் பாதிகூட இல்லை. ஆனால் கண் அதே கண். அப்பா பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் அத்தைதான் பேசினாள்.

"வாறதுக்கு எவ்வளவு நேரமடா எடுத்தது?"

"விமானத்திலே ஒரு மணி நேரம், அக்கா."

"ஒரு மணித்தியாலமோ!" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு நாற்பத்து மூண்டு வருஷமோடா?"

அப்பா பதில் சொல்லவில்லை. விமானத்தில் அவ்வளவு ஒத்திகை பார்த்த வசனம் வாயில் வரவில்லை. பையைத் திறந்தார், துண்டைப் பிரித்தார், கூஜாவை எடுத்து அக்காவின் நெஞ்சின் மேல் வைத்தார். கை நடுங்கியதில் அது சாயப் பார்த்தது. அத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

'இதெல்லாம் எனக்கு இப்போது எதற்கு, நீயே வைத்துக்கொள்' என்று அத்தை சொல்லுவாள் என்றுதானே நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். கதைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அத்தை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கூஜாவை உருட்டி உருட்டிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கத்தில் இருந்த ஒரு சொட்டையை விரலால் தடவினாள். "இது நான் கிணத்தடியிலே போட்டது. அம்மா அடிச்சா" என்றாள். பிறகு கழுத்துப் பக்கம் பார்த்தாள்.

"மூடி எங்கேடா?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திருகு மூடி வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் காப்பிப் பொடி அளக்கிற அளவு. இரண்டு மூடி பொடி போட்டால் நாலு பேருக்கு டிகாக்‌ஷன். அம்மா காலத்துக் கணக்கு. அன்று விடியற்காலை நாலு மணிக்கும் அதில்தான் அளந்தேன். அளந்து பொடி டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறேன்! அழாக்குறையாகச் சொன்னேன்.

அத்தை ஒரு விநாடி என்னையே பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "பாத்தியாடா உன் பெண்டாட்டியை! செத்துப் போயும் மூடியைப் பிடிச்சு வச்சிருக்கா!" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். இடுப்பு வலிக்கிறது, "ஐயோ" என்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். அப்பாவும் சிரித்தார். கண்ணிலிருந்து ஜலமாகக் கொட்டுகிறது, துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் சிரிக்கிறார். பெற்ற அம்மாவைச் சொல்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு நாள் இருந்தோம். அப்பாவுக்கு அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டில். ராத்திரியெல்லாம் இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். முதல் நாள் மட்டும் கேட்டுப் பார்த்தேன்: நன்னிலத்து வீட்டில் சிவப்புப் பசு எந்த வருஷம் கன்று போட்டது என்று தகராறு. சாயங்காலம் பக்கத்துக் கோயிலிலிருந்து நாகஸ்வரம் காற்றில் வரும். "காந்தாரத்தைப் பிடிச்சுண்டு அசைக்கிறான், தேவலை" என்பார் அப்பா. அத்தை தலையை ஆட்டுவாள். புறப்படுகிற அன்று கூஜா அத்தையின் தலைமாட்டில் இருந்தது, அதில்தான் தண்ணீர். மூடிக்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்திருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் காப்பிப் பொடியைக் கரண்டியால் அளக்கிறேன். நாலு பேர் காப்பி ஒரு நாள் கஷாயமாகவும் ஒரு நாள் கழுநீராகவும் வருகிறது. மூடியைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய பட்டுப் பாவாடைத் துணியில் முடிந்து, பீரோவில் பாஸ்போர்ட்டுகளோடு வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மா, நாகப்பட்டினத்துக் கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படறதுன்னு விசாரிச்சு வையேன்" என்றார்.